பூச்சி டீமும் இரண்டாவது சரணமும்

பந்து சோளக்காட்டுக்குள் போய் விழுந்தது. அடித்தது நான்தான். முதலில் நம்பாதவனும் நான்தான்.

அடித்தவுடன் ஓட வேண்டும். நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் பேஸ்பால் அணியில் அதுவரை யாரும் பந்தை அவ்வளவு தூரம் அனுப்பியதில்லை. அனுப்பிவிட்டால் அடுத்து என்ன செய்வது என்று யாரும் யோசித்து வைத்திருக்கவும் இல்லை.

பின்னாலிருந்து நடுவர் பழனிச்சாமி சார் சொன்னார். “ஓடுங்க தம்பி. நீங்க பாத்தாலும் அது அங்கதான் கெடக்கும்.”

ஓடினேன். எனக்கு முன்பே மூன்றாவது பேஸ் கல்லில் நின்றிருந்தவர் ஆரம்ப இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார். அதுவரை சமமாக இருந்த ஆட்டத்தில் எங்களுக்கு ஒரு ரன் கூடுதல். காட்டுக்குள் பந்து விழுந்தால் அடித்தவருக்கு இரண்டு பேஸ், அதற்கு மேல் கிடையாது என்பது எங்கள் ஊர் விதி. எனவே இரண்டாவது பேஸில் நின்றேன். மூச்சு வாங்கியது. மைதானத்தில் எல்லோரும் சோளக்காட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் பூங்கொடி அக்கா கிதாரை மீட்டிப் பாட்டைத் தொடங்கினார். அந்தப் பாட்டு எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். முதல் நான்கு வரி மட்டும். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அன்றுவரை யாருக்கும் தெரியாது.

ஏன் தெரியாது என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கிலோ கணக்கில் அமெரிக்கா

எங்கள் வீட்டில் அமெரிக்கா முதலில் வந்தது அப்பாவின் முதுகில்.

அப்பா சாயப்பட்டறையில் வேலை. ஏற்றுமதியில் மிஞ்சிய பனியன்களைக் குவித்து எடைக்குப் போடும் கடைகளில்தான் எங்கள் வீட்டுக்கே துணி எடுப்பார். அந்தக் குவியலில் எது எந்த ஊருக்குப் போக இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. அப்பா சில வருடங்கள் ஏதோ ஒரு பேஸ்பால் அணியின் தீவிர ரசிகராக ஊருக்குள் நடமாடினார். அதற்குப் பிறகு ஒரு பெண்கள் கல்லூரியின் படகுக் குழுவில் இருந்தார். அவருக்கு இரண்டுமே தெரியாது. துணி கனமாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனவன் நான்தான் முதலில். எழுத்துக் கூட்டத் தெரிந்ததும் வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் வாசிப்பு அப்பாவின் முதுகு. மற்ற பிள்ளைகள் பேருந்துப் பலகை படித்தார்கள் என்பார்கள். நான் மின்னசோட்டா படித்தேன்.

கல்லூரி முடித்து, ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் ஆனேன். வெளிநாட்டில் துணி வாங்குபவருக்கும் இங்கே தைப்பவருக்கும் நடுவில் கடிதம் எழுதுகிற வேலை. பட்டன் நிறம் மாறினால் இரண்டு பக்கமும் திட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

சேர்ந்த புதிதில் எங்களுக்கு ஒரு பேஸ்பால் ரசிகர் சட்டை ஆர்டர் வந்தது. உடம்பு வெள்ளை, கை நீலம், கழுத்திலிருந்து அக்குள்வரை சாய்ந்த தையல். செய்கிற பொருளைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். நான் அதை நம்பி ஆட்டம் பார்க்கத் தொடங்கினேன்.

அமெரிக்காவின் மேற்குக் கரையில் சாயங்காலம் நடக்கும் ஆட்டம் நமக்குக் காலை டீ வேளையில் வரும். ஷிப்டுக்குப் போகும்வரை செல்போனில் பார்க்கலாம். அப்பாவும் பல் துலக்கியபடி பக்கத்தில் வந்து நிற்பார்.

“யாரு கண்ணு ஜெயிக்கறா?”

“இன்னும் யாரும் இல்லீங்கப்பா.”

“நேத்தும் அதையேதான் சொன்னே.”

“இது வேற ஆட்டமுங்கப்பா.”

அப்பா கொஞ்ச நேரம் பார்ப்பார். ஒருவன் எறிவான், ஒருவன் அடிக்காமல் விடுவான், எறிந்தவன் துப்புவான். “இதுக்குப் போயி இத்தனை துணியா” என்று சொல்லிவிட்டு வாய் கொப்பளிக்கப் போவார்.

அன்று தோற்றோம்

அதே எடைக்கடையில்தான் எனக்கு அந்தச் சட்டை கிடைத்தது. பேஸ்பால் சட்டையேதான். நெஞ்சில் இரண்டு மட்டைகள் குறுக்காக, மேலே ஒரு விட்டில் பூச்சி. கீழே வால் நீண்ட எழுத்தில் ஒரு பெயர். முதுகில் ஊர்ப் பெயர்களும் தேதிகளும் வரிசையாக.

நல்ல ரசிகன் ஓர் அணியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று படித்திருந்தேன். தேர்ந்தெடுத்தேன். முதுகில் இருந்தது ஆட்ட அட்டவணை. ஒவ்வொரு ஊர் ஆட்டத்திலும் என்ன ஆயிற்று என்று தேடினேன். எங்கும் ஸ்கோர் கிடைக்கவில்லை. கீழ்நிலைப் பிரிவில் ஆடுகிற ஏழை அணி போலிருக்கிறது என்று நினைத்து, பாசம் கூடியது. இப்படி ஒரு மழைக்காலம் முழுக்க அவர்களை ஆதரித்தேன்.

கடைசியில் ஒரு மின்னஞ்சல் முகவரி கிடைத்தது. வேலையில் எழுதுகிற அதே நடையில் எழுதினேன். ஐயா, நான் திருப்பூரிலிருந்து உங்கள் அணியின் ரசிகன், ஓஹையோ ஆட்டத்தின் முடிவைத் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. “அன்று தோற்றோம்” என்று ஒரு வரி. கீழே சின்னதாக இன்னொன்று: நாங்கள் அணி இல்லை, இசைக்குழு. முதுகில் இருப்பது கச்சேரி நடந்த ஊர்கள். ஓஹையோவில் மொத்தம் பதினோரு பேர் வந்தார்கள், அதில் நாலு பேர் எங்களுக்கு முன்னால் பாடிய குழு.

அவர்களின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் நீங்கள் தேடிப் போவீர்கள். அவர்களுக்குக் கூட்டம் பழக்கமில்லை.

அப்புறம் அவ்வப்போது கடிதம் நடந்தது. பெரிய கம்பெனி எதிலும் சேராமல், சொந்தப் பாட்டைச் சொந்தச் செலவில் பதிவு செய்து, வேனில் ஊர் ஊராகப் போய்ப் பாடுகிறவர்கள். ஐந்து பேருக்கும் பேஸ்பால் பைத்தியம். பாட்டெல்லாம் தோற்ற அணிகளைப் பற்றித்தான். இரண்டு தொழிலிலும் பெரும்பாலும் தோற்பதுதான் வேலை என்பதால் ஒத்துப்போகிறது என்றார் அவர்களில் டிரம்ஸ் வாசிப்பவர்.

அவர்தான் அந்த வழக்கத்தைச் சொன்னது. அங்கே மட்டையோடு ஒருவர் ஆட வரும்போது, அவர் தேர்ந்தெடுத்த பாட்டு ஒலிபெருக்கியில் வரும். அவர் ஆடுமிடத்தில் கால் வைத்ததும் பாட்டு நின்றுவிடும். பதினைந்து நொடி, அவ்வளவுதான். எந்த ஆட்டக்காரரும் இதுவரை எங்கள் பாட்டோடு நடந்து வந்ததில்லை, அந்த ஒன்று நடந்தால் போதும் என்று எழுதியிருந்தார்.

ஒரு மனிதருக்கு இருக்கிற ஆசை இவ்வளவுதான் என்றால் செய்து கொடுக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. அதற்கு ஒரு பேஸ்பால் அணி வேண்டும்.

சான்றிதழ் இருந்தது

எங்கள் பக்கத்துப் பள்ளிகள் சிலவற்றில் பேஸ்பால் உண்டு. எங்கள் பள்ளியிலும் இருந்தது. ஆட்டம் இல்லை, சான்றிதழ் இருந்தது. விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி சேர அது உதவும். அதற்காக ஒரு மட்டை, சில கையுறைகள், ஒரு பெட்டிப் பந்து எல்லாம் உடற்கல்வி அறையில் பூட்டிக் கிடந்தன.

அந்த அறைக்குச் சாவி வைத்திருந்தவர் பழனிச்சாமி சார். ஓய்வு பெற்றவர். விதிகள் முழுவதும் தெரியும், ஆட்டம் ஒன்றும் பார்த்ததில்லை. நான் போய்க் கேட்டதும், “ஏனுங்க தம்பி, நெசமாவே ஆடப் போறீங்களா” என்று கேட்டுவிட்டுச் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சைட் பிரித்து விற்காமல் கிடந்த ஒரு நிலம் மைதானம் ஆனது. மனைகளின் எல்லைக் கற்கள்தான் பேஸ்கள். மனைகள் சமமாக இல்லாததால் முதல் பேஸ் கிட்டே, மூன்றாவது பேஸ் எட்டத்தில். ஞாயிறு காலை ஒன்பது வரை எங்களுக்கு. ஒன்பதுக்கு கிரிக்கெட் பையன்கள் ஸ்டம்போடு வந்துவிடுவார்கள். அவர்கள் வந்துவிட்டால் எங்கள் ஆட்டம் எந்த நிலையில் இருந்தாலும் முடிந்தது. அப்போதைய ஸ்கோர்தான் ஸ்கோர். கிரிக்கெட்டோடு சண்டை போட்டு இந்த நாட்டில் எதுவும் ஜெயித்ததில்லை.

நிலத்தை ஒட்டிச் சோளக்காடு. தோட்டத்துக்காரர் ஒரு நிபந்தனை போட்டார். பந்து எடுக்க ஒரே ஒரு ஆள்தான் இறங்க வேண்டும், செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பு வழியாகப் போக வேண்டும், சோளத்தட்டை ஒன்று ஒடிந்தாலும் அடுத்த வாரம் எங்கள் மைதானத்தில் மாடு கட்டிவிடுவார்.

கட்டிங், பேக்கிங் ஆட்கள் சேர்ந்து என் அணி. விட்டில் பூச்சிப் படத்தைச் சட்டையில் அடித்துக்கொண்டதால் பூச்சி டீம். எதிர் அணி தையல் லைன், வரிசையாக மெஷினில் உட்கார்ந்து தைக்கிறவர்கள். அதில் பாதிப்பேர் ஒடிசா, பீகார் பக்கம். அவர்களில் ஒருவர் பிகாஷ் டூ.

அந்த லைனில் மூன்று பிகாஷ் இருந்தார்கள். கம்பெனி அடையாள அட்டையிலேயே பிகாஷ் ஒன், பிகாஷ் டூ, பிகாஷ் த்ரீ என்று அடித்துக் கொடுத்திருந்தார்கள். மற்ற இருவரும் ஊருக்குப் போய் வருடமாகிறது. இவர் இன்னும் டூ.

பெட்டியில் இருந்த பந்துகள் பழசு. ஒவ்வொன்றாகப் பிரிந்து, இரண்டு மிஞ்சின. அதில் ஒன்று பிரிந்தபோது பிகாஷ் டூ கையாலேயே தைத்துக் கொண்டுவந்தார். அசல் தையலைவிட நெருக்கமான, அழகான தையல். எறிந்தால் பந்து பாதி வழியில் எங்கோ திரும்பிப் போகும். எறிகிறவர்களுக்கு அதை ரொம்பப் பிடித்துப்போய், பழனிச்சாமி சார் அதைத் தடை செய்தார். ஆக ஒரே ஒரு பந்து.

நான்கு வரி

அமெரிக்க நண்பர்களின் பாட்டோடு முதல் ஞாயிறு நான் நடந்து வந்தேன். செல்போனை ஒரு சின்ன ஸ்பீக்கரில் மாட்டியிருந்தோம். மூன்று பந்தில் அவுட். அதைப் படம் பிடித்து அனுப்பினேன். டிரம்ஸ்காரர் தன் வாழ்க்கையின் மிகச் சிறந்த நாட்களில் ஒன்று என்று பதில் எழுதினார்.

வேடிக்கை பார்க்க வந்திருந்த பூங்கொடி அக்கா மட்டும் ஒன்று கேட்டார். “ஆடறது நீங்க. அவுட்டாகறதும் நீங்க. பாட்டு மட்டும் எதுக்குங்க அங்கிருந்து?”

அக்கா செக்கிங் பிரிவு. தைத்த பனியனை விளக்கு வெளிச்சத்தில் விரித்து ஓட்டை பார்க்கிற வேலை. பழைய கிதார் ஒன்று வைத்திருந்தார். பாட்டு அவரே கட்டுவார், மெட்டும் அவரே. கம்பெனி ஆயுதபூஜையில் ஒருமுறை பாடப் போனபோது நாலு வரிக்குள் யாரோ சினிமாப் பாட்டு கேட்டுவிட்டார்கள். இறங்கி வந்துவிட்டார். எல்லோரையும் உட்காரச் சொல்லிப் பாட எனக்கு வராது, பாடும்போது யாராவது தானாக நின்றால் சரி என்பார்.

அடுத்த வாரமே கிதாரோடு வந்தார். பேக்கிங் சரவணன், வெட்டிய துணி அடுக்குகிற பிளாஸ்டிக் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டுத் தாளம் தட்டினான். எங்கள் அணி முழுவதற்கும் ஒரே பாட்டு.

*மெல்ல வாங்க மெல்ல வாங்க*
*அவசரம் ஒண்ணுமில்லீங்க*
*வந்த வழியே திரும்பிப் போக*
*ரொம்ப நேரமில்லீங்க*

நாங்கள் ஆடும் லட்சணத்துக்குச் சரியாக இருந்தது. நான்காவது வரி முடியும்போது ஆடுகிறவர் இடத்துக்கு வந்துவிடுவார். பழனிச்சாமி சார் கையைத் தூக்குவார். பாட்டு நிற்கும். அடுத்தவர் வருவார், மறுபடி மெல்ல வாங்க. கிரிக்கெட் பையன்கள்கூடப் பாடிக்கொண்டு போனார்கள். நான்கு வரியை.

எதிர் அணிக்கும் அக்கா பாரபட்சமில்லாமல் வாசித்தார். பிகாஷ் டூ அவருடைய ஊர் மெட்டு ஒன்றை முனகிக் காட்டினார். அவர் ஆட வரும்போது அக்கா கிதாரில் அதை வாசிப்பார். அதுவும் பாதியில் நிற்கும்.

இப்படிக் கொஞ்ச காலம் போனது. பிறகு ஒரு நாள் கேன்டீனில், உடுமலைப்பேட்டையில் ஒரு இன்னிசைக் குழு கூப்பிட்டிருக்கிறது என்றார் அக்கா. கல்யாணம், கோயில் விசேஷம், ஞாயிறுதோறும் வேலை. சினிமாப் பாட்டு மட்டும். வருகிற ஞாயிறுதான் மைதானத்தில் கடைசி.

நான் போக வேண்டாம் என்கிற மாதிரி ஏதோ சொன்னேன்.

“இல்லீங்க தம்பி. இங்க நாலு வரிக்கு மேல யாரும் கேட்டதில்லை. அங்க முழுப் பாட்டும் பாடலாமுங்க. அடுத்தவங்க பாட்டுதான். ஆனா முழுசு.”

அந்தப் பாட்டுக்கு இன்னும் வரிகள் இருக்கின்றனவா என்று கேட்டேன். “இன்னும் ரெண்டு சரணம் இருக்குதுங்க” என்று சொல்லி டம்ளரைக் கழுவப் போனார்.

ஒன்பது மணிக்குள்

அந்த ஞாயிறு அவருடைய பாட்டை எப்படியாவது முழுதாக ஓடவிட வேண்டும் என்று எங்கள் அணியில் பேசிவைத்தோம். எங்களுக்குத் தோன்றிய ஒரே யோசனை, மெதுவாக நடப்பது.

முதலில் போனவர் பாதி வழியில் ஷூ லேஸ் கட்டினார். அவர் போட்டிருந்தது செருப்பு. அடுத்தவர் மட்டையை மறந்துவிட்டுத் திரும்பிப் போனார். மூன்றாவது ஆளிடம் பழனிச்சாமி சார் நிதானமாகச் சொன்னார். “மெல்ல வாங்கங்கறது பாட்டுங்க தம்பி. ரூல் இல்லீங்க.” நாலு வரி முடிந்தால் கை தூக்கிவிடுவார், ஆள் எங்கே நின்றாலும். பேஸ்பால் சங்கம் அச்சடித்த விதிப் புத்தகத்தை மதிக்கிற ஒரே மனிதர் இந்த ஜில்லாவில் அவர்தான்.

கடைசிச் சுற்று வந்தது. நாங்கள் ஆடி முடித்ததும் தையல் லைன் ஆட வேண்டும், அதில் முதல் ஆள் பிகாஷ் டூ. ஸ்கோர் சமம். ஒன்பதாகக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. நான் போனேன். மெதுவாகக்கூட நடக்கவில்லை, நம்பிக்கை போயிருந்தது. அடித்தேன்.

இந்த இடத்தில்தான் நாம் தொடங்கினோம்.

பந்து உள்ளே கிடக்கிறது. ஓர எல்லையில் நின்ற பிகாஷ் டூ செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் இறங்கிவிட்டார். எனக்கு அடுத்து ஆட வேண்டியவர் நடக்கத் தொடங்க, அக்கா வழக்கம்போல் மெல்ல வாங்க பாடினார். நான்காவது வரி முடிந்தது. எல்லோரும் பழனிச்சாமி சார் கையைப் பார்த்தோம்.

கை எழவில்லை. பந்து இல்லாமல் ஆட்டம் இல்லை, ஆட்டம் இல்லாதபோது பாட்டை நிறுத்த விதி இல்லை. அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அக்கா ஒரு நொடி அவரைப் பார்த்தார். சரவணன் தட்டிக்கொண்டே இருந்தான்.

*பேரு கேட்டாங்க சொல்லத் தொடங்கினேன்*
*பெல்லு அடிச்சிருச்சு*
*ஊரு கேட்டாங்க சொல்லத் தொடங்கினேன்*
*பஸ்ஸு வந்திருச்சு*

இரண்டாவது பேஸின் கல் கொஞ்சம் மேட்டில் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் சோளத்தின் ஒரு வரிசை நெடுக உள்ளே தெரியும். பிகாஷ் டூ அந்த வரிசையில் வந்தார். குனிந்தார். நிமிர்ந்தார். கையில் வெள்ளையாக இருந்தது. அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், தட்டைகளுக்கு நடுவில் அப்படியே நின்றார்.

தையல் லைன் கேப்டன் வேல்முருகன், தென்காசிப் பக்கம், கரையில் நின்று கத்திக்கொண்டிருந்தார். “ஏலே பிகாஷ், கெடைச்சுதா? மணி ஆகுதுலே.” சோளக்காட்டிலிருந்து பதில் இல்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு மூச்சு வாங்கியது என்று வைத்துக்கொள்ளலாம்.

கிரிக்கெட் பையன்கள் வந்துவிட்டார்கள். ஓரத்தில் ஸ்டம்பை ஊன்றிக்கொண்டு நின்றார்கள். தங்களுக்குத் தெரிந்த பாட்டில் தெரியாத வரி வந்ததும் பேச்சை நிறுத்தினார்கள். கடைசிச் சரணம் அக்கா கொஞ்சம் தணிவாகப் பாடினார். காற்று எங்கள் பக்கம் இருந்ததால் கேட்டது.

*கேட்டவங்க எல்லாம் நல்லவங்கதான்*
*கேக்காம யாரும் போகவில்லே*
*கேட்டது எல்லாம் பாதியில் நிக்குது*
*கேட்டு முடிக்கத்தான் நேரமில்லே*

கிரேட்டில் கடைசித் தட்டு விழுந்தது. யாரும் கை தட்டவில்லை. எங்கள் மைதானத்தில் பாட்டுக்குக் கை தட்டும் பழக்கம் இல்லை, முடிந்த பாட்டே கிடையாது என்பதால். பழனிச்சாமி சார் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஆட்டம் முடிந்தது என்றார். பூச்சி டீம் ஒரு ரன்னில் வெற்றி. அதுதான் எங்கள் முதல் வெற்றி. யாருக்கும் ஞாபகமில்லை.

பிகாஷ் டூ வரப்பில் ஏறி வந்தார். பந்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். வேல்முருகன் பிடித்துக்கொண்டார். கடைசிச் சுற்று நம்முடையது, முதலில் ஆட வேண்டியவனே நீ, ஒரு பந்தை எடுக்க இவ்வளவு நேரமா என்று ஒரு மூச்சு திட்டினார். பிகாஷ் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பந்தை நடுவரிடம் கொடுத்தார்.

அடுத்த வாரம் அக்கா உடுமலைக்குப் போனார். நன்றாகப் பாடுவதாகச் சொல்கிறார்கள். அமெரிக்காவுக்கு நான் எழுதினேன், எத்தனை பேர் கேட்டார்கள் என்று டிரம்ஸ்காரர் கேட்டார். இரண்டு அணி, ஒரு நடுவர், கிரிக்கெட் பையன்கள், தோட்டத்துக்காரர் என்று கணக்குச் சொன்னேன். ஓஹையோவைவிட அதிகம் என்று பதில் வந்தது. அதெல்லாம் பிறகு.

அன்று காலை, வேல்முருகன் திட்டி முடித்துப் போன பிறகு, அக்கா கிதாரைத் தோளில் மாட்டியபடி பிகாஷிடம் வந்தார்.

“பந்து எப்பங்க கெடச்சுது?”

பிகாஷ் தமிழ் கற்றது எங்கள் லைனில். ங்க எங்கே போடுவது என்று சந்தேகம் வந்தால் எல்லா இடத்திலும் போட்டுவிடுவார். கொஞ்சம் யோசித்துச் சொன்னார்.

“பேரு கேட்டாங்கன்னு வந்துச்சுல்லங்க. அப்பங்க.”

அக்கா கிதார் வாரைச் சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது. பிறகு கேட்டார்.

“உங்க முழுப் பேரு என்னங்க?”

பிகாஷ் சொன்னார். மூன்று பகுதி உள்ள பெயர். நாங்கள் ஒருவரும் அதுவரை கேட்டதில்லை. அக்கா ஊரையும் கேட்டார். அவர்கள் பக்கத்தில் ஊர் கேட்டால் ஊரோடு நிறுத்த மாட்டார்களாம். கிராமம், தபால் நிலையம், காவல் நிலையம், மாவட்டம் என்று வரிசையாகச் சொல்வார்கள். அவர் நிறுத்தி நிதானமாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

கிரிக்கெட் பையன் ஒருவன் ஸ்டம்போடு வந்து, “அண்ணா, பிட்ச்சுல நிக்கறீங்க, நகருங்க” என்றான்.

பழனிச்சாமி சார் அவனைப் பார்த்துக் கையைத் தூக்கினார். அவன் நின்றான்.

பிகாஷ் அப்போதுதான் காவல் நிலையத்துக்கு வந்திருந்தார். மாவட்டம் பாக்கி இருந்தது.